தொழில்நுட்பக் கோளாறும் லேமினேஷன் பாயும்

திண்டுக்கல்லில் லேமினேஷன் பாயை நம்பாத ஆள் என்று ஒருவர்கூட இருந்ததில்லை. மலைக்கோட்டைப் பாறை உள்ளே வெறும் கூடுதான் என்று அவர் சொல்லியிருந்தால், மறுநாள் காலையில் பாதி ஊர் போய்த் தட்டிப் பார்த்திருக்கும். மீதி ஊர், பாயே சொன்ன பிறகு தட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று வீட்டிலேயே இருந்திருக்கும். நான் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். இரண்டரை வருடம் அவருக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து எரிந்தவன் நான்.

என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். தாலுகா ஆபீஸ் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில் நான் ஆப்பரேட்டர். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆளும் நான்தான். அப்பா வெங்காய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "தம்பி வரட்டும், படிச்சுச் சொல்லுவான்" என்று காத்திருப்பார். கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் வாசித்த பிறகுதான் எங்கள் வீட்டில் அது கல்யாணம். அந்தப் பதவி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்தப் பதவியில்தான் பாய் கை வைத்தார். ஒரு நாள் மின்வாரியத்திலிருந்து வந்த கடிதத்தை நான் வரிவரியாக விளக்கி முடித்ததும் அப்பா தலையாட்டினார். "அப்பச் சரிதான். பாயும் அதான் சொன்னாரு."

என்னிடம் கேட்பதற்கு முன்பே அவரிடம் கேட்டிருக்கிறார். நான் சரிபார்க்கப்பட்டிருக்கிறேன்.

பாய்க்கு பேகம்பூரில் வீடு. சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கடைப் பலகையில் முதல் வரி வெயிலில் வெளுத்துப்போய் 'லேமினேஷன்' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது, அதுவே பெயராகிவிட்டது. ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர், சூடான உருளைகளோடு எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் அந்த மெஷின், இவ்வளவுதான் கடை. அந்த மெஷினுக்குள் போகாத பொருள் கிடையாது. ரேஷன் கார்டு, டாக்டர் சீட்டு, பேரனின் முதல் மார்க் ஷீட். சிறுமலையிலிருந்து வந்த ஒருவரிடம் மலைவாழைப்பழத் தோல் ஒன்றை வாங்கி, "இம்புட்டு நெறத்த எங்க பாப்ப" என்று உள்ளே விட்டார். ஒரு மாதத்துக்கு ஊரில் யாருடைய ரேஷன் கார்டை முகர்ந்தாலும் பழ வாசனை வந்தது.

எங்கள் கடை வரிசையில் கொசுத் தொல்லை. மருந்து அடிக்கச் சொல்லி நான் ஆன்லைனில் மூன்று மனு போட்டேன். மூன்றும் 'பரிசீலனையில் உள்ளது'. பாய் ஒரே ஒரு கொசுவை அடித்து, லேமினேட் செய்து, 'ஆதாரம் எண் ஒன்று' என்று கீழே எழுதி, மனுவோடு இணைத்துக் கொடுத்தார். மறுநாள் மருந்து அடிக்க வந்தார்கள். வந்தவர்கள் பாயிடம் அந்தக் கொசுவைப் பற்றி மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எதற்கும் காரணம் சொல்வதில்தான் பாயை யாரும் மிஞ்ச முடியாது. பழனி பஸ் ஏன் தாமதம் என்று யாராவது கேட்டால் நான், "பாதயாத்திரைக் கூட்டம், போக்குவரத்து நெரிசல்" என்பேன். யாரும் காதில் வாங்க மாட்டார்கள். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கிட்ட வா" என்பார். கேட்டவர் குனிவார். பக்கத்தில் நிற்கிறவர்களும் குனிவார்கள். "டிரைவருக்கு ஒட்டன்சத்திரத்துல கொழுந்தியா வீடு. இன்னைக்கு அங்க கொழுக்கட்டை." எல்லோரும் நிமிர்ந்து, அதானே பார்த்தேன் என்பது போலப் போவார்கள். கொழுக்கட்டைக்கு எதிரே போக்குவரத்து நெரிசல் எப்படி நிற்கும்?

இப்படியாக நான் எரிந்துகொண்டிருந்த நாளில்தான் அந்தச் செய்தி வந்தது.

ஒரு முற்பகல். மையத்தில் நல்ல கூட்டம். திடீரென்று அங்கிருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அலறின. அதிர்ந்து அதிர்ந்து, பைக்குள் ஓர் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு கத்துவது போல ஒரு சத்தம். கடையில், தெருவில், நின்றிருந்த டவுன் பஸ்ஸுக்குள், எங்கும் அதே சத்தம். வரிசையில் முதலில் நின்ற ஓர் அக்கா போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, என்னான்னு படிச்சுச் சொல்லு."

எனக்கு அது போதாதா? எழுந்து நின்று, கல்லூரியில் வரவேற்புரை வாசித்த குரலில் வாசித்தேன். "அவசர எச்சரிக்கை. உங்கள் பகுதியில் சோதனை நடைபெறுகிறது. பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம்."

'நடைபெறுகிறது' என்ற இடத்தில் பாதி வரிசை இல்லை. 'பதற்றமடைய' என்ற இடத்தில் முழு வரிசையும் இல்லை.

சோதனை என்றால் பரீட்சித்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியும். கடைவீதிக்குத் தெரிந்த சோதனை ஜீப்பில் வருவது. ஹெல்மெட் இல்லாத வண்டிகள் எல்லாம் நடுரோட்டில் அப்படியே திரும்பின. மளிகைக் கடையில் தொங்கிய பிளாஸ்டிக் பைகள் மாயமாயின. எதிர்ச் சாரியில் இருந்த பிரியாணிக் கடை மாஸ்டர், கலர் பொடி டப்பாவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, தம் போட்ட அண்டாவை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஷட்டரை இழுத்தார். கையில் ஒன்றுமே இல்லாத ஒருவரும் ஓடினார். நீ ஏனப்பா ஓடுகிறாய் என்று கேட்டதற்கு, "எல்லாரும் ஓடுறப்ப நான் மட்டும் நின்னா என்னையத்தான புடிப்பாங்க" என்று ஓடிக்கொண்டே சொன்னார்.

பத்து நிமிடத்தில் கடைவீதி அடங்கிவிட்டது. ஓடாமல் இருந்தது இரண்டு பேர். ஒன்று நான், அது வெறும் பரிசோதனைச் செய்தி என்று எனக்குத் தெரியும். இன்னொன்று பாய், ஒரு வாக்காளர் அட்டை மெஷினுக்குள் பாதி போயிருந்தது. "பாதியில விட்டா சுருண்டுக்கும்" என்றார்.

மதியம் இரண்டாவது செய்தி வந்தது. முதல் செய்தி தவறுதலாக அனுப்பப்பட்டது, தொழில்நுட்பக் கோளாறே காரணம், பொதுமக்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இருந்தது. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக முழங்கால் உயரத்துக்குத் திறந்தன. அதற்குக் கீழே தலைகள் தெரிந்தன. ஒரு தலையும் நம்பவில்லை.

"வருந்துறாங்களாமா?" என்றார் பிரியாணி மாஸ்டர். "இத்தன வருசமாக் கடை வச்சிருக்கேன். ஒருத்தர் வருந்தி நான் பாத்ததில்ல. இதுல என்னமோ இருக்குப்பா."

இதுதான் என் நேரம் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று தலைப்புப் போட்டு ஒரு முழுப்பக்கம் தட்டினேன். சோதனை என்றால் இங்கே பரிசோதனை என்று பொருள். ஒரு சில போன்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டியது எல்லோருக்கும் வந்துவிட்டது. இதற்குக் காரணம் தொழில்நுட்பக் கோளாறு. அந்தக் கடைசி இரண்டு சொற்களைத் தடித்த எழுத்தில் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன்.

பாய் டீ கிளாசோடு வந்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பின்னால் கூட்டம் சேர்ந்தது.

"தம்பி தெளிவா எழுதியிருக்கான்ப்பா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர் விரலைத் தடித்த எழுத்தில் வைத்தார். "இந்தா பாரு. தொழில்நுட்பக் கோளாறு. கோளாறாச் செஞ்சிருக்கோம்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். புத்தகத்தில் கோளாறு என்றால் பழுது. எங்கள் பக்கத்துப் பேச்சில் 'கோளாறா' என்றால் பக்குவமாக, சூட்சுமமாக, சிந்தாமல் சிதறாமல் என்று அர்த்தம். காரியத்தைச் சத்தமில்லாமல் முடிக்கிறவன் கோளாறான ஆள். தினமும் காலையில் நான் சைக்கிளை எடுக்கும்போது என் அப்பாவே, "கோளாறாப் போயிட்டு வா அப்பு" என்றுதான் அனுப்புவார். மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு அந்த அர்த்தத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தது. நானே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒன்றல்ல, இரண்டு.

"பாய், கோளாறுன்னா பழுது பாய். ரிப்பேர்."

"ரிப்பேர்னா ரிப்பேர்னு போட மாட்டானா தம்பி? அவனும் உன்ன மாதிரி படிச்சவன்தான?"

"எதுக்குப் பாய் கோளாறாச் செய்யணும்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"கிட்ட வா." மாஸ்டர் குனிந்தார். கடைவீதியே குனிந்தது. "மணி அடிச்சா எவன் ஓடுறான், எவன் நிக்கிறான்னு மேல இருந்து பாத்துக்கிட்டாங்க. சாட்டிலைட்டு. ஓடுன ஆளு பேரெல்லாம் குறிச்சாச்சு. இனிமே ஒவ்வொரு கடையாத் தட்ட வேணாம். நேரா வருவாங்க."

மாஸ்டர் மெதுவாக அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, அதற்கு ஒரு வணக்கம் வைத்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஓடியவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் தேவைப்பட்டது. கேட்டால் காட்டுவதற்கு. பாய் தட்டிக் கொடுத்தார், லேமினேட்டும் செய்து கொடுத்தார். ஒவ்வொரு கடை முகப்பிலும் ஒரு காரண அட்டை தொங்கியது. பிரியாணிக் கடையில்: 'மாஸ்டரின் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து என்பது திடீரென ஞாபகம் வந்ததால் கடை அடைக்கப்பட்டது.' மருந்துக் கடையில்: 'கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை.' மளிகைக் கடையில்: 'பூட்டு நன்றாகப் பூட்டுகிறதா என்று பார்ப்பதற்காகக் கடை பூட்டப்பட்டது.' திண்டுக்கல்லில் அதை யார் குறை சொல்ல முடியும்?

எனக்கு எந்த வேலை வந்தது தெரியுமா? அச்சடிக்கும் முன் ஒவ்வொருவரையும் பாய் என்னிடம் அனுப்பினார். "எழுத்துப்பிழை மட்டும் தம்பிகிட்ட பாத்துக்க." பட்டதாரியாகி, ஊரார் சொல்லும் பொய்களுக்கு ஒற்றெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அப்பாவிடமாவது உண்மையை நிலைநாட்டலாம் என்று சாப்பிடும்போது ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். மார்க்கெட்டில் அவரும் ஓடியிருக்கிறார்; ஆனால் மூட்டையை ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓடினாராம். நான் முடித்ததும், "சரிப்பா" என்றார். மோரை ஊற்றிக்கொண்டே, "பாய் என்ன சொல்றாரு?" என்றார்.

வெஞ்சனத்தைத் தொடாமல் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தேன்.

மறுநாள் அப்பாவின் சட்டைப் பையில் ஓர் அட்டை எட்டிப் பார்த்தது. 'ஓடியதற்குக் காரணம்: வயிற்றுக் கடுப்பு.' "படிக்கவாப்பா?" என்று கை நீட்டினேன். "வேணாம்ப்பா. பாயே படிச்சுக் காட்டிட்டாரு" என்று பையைத் தட்டிக்கொண்டார். ஒரு மனிதனின் பதவியைப் பறிப்பதற்கு இதைவிட மென்மையான வழி கிடையாது.

இவ்வளவோடு போயிருந்தால் நான் எரிந்துகொண்டே பிழைத்திருப்பேன். மூன்றாம் நாளிலிருந்து என் வரிசை மெலிந்தது. ஐந்தாம் நாள் வரிசையே இல்லை. காரணம் விசாரித்தேன். ஊரில் இப்படிப் பேசிக்கொண்டார்கள். ஓடியவர்களை மேலே இருந்து குறித்தார்கள் சரி, கீழே இருந்து யார் குறித்தது? செய்தியை எழுந்து நின்று சத்தமாக வாசித்தது யார்? வாசித்துவிட்டு ஓடாமல் உட்கார்ந்திருந்தது யார்? அவன் கம்ப்யூட்டர் மேல் கேமரா இருக்கிறதே, அது எதற்கு? அது விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கும் கேமரா. ஆனால் சனங்கள் வெளியே நின்று கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த இன்னொரு மையத்துக்கு நடந்து போனார்கள்.

பிரியாணி மாஸ்டரிடம் நேரே போனேன். "அண்ணே, நான் யாரையும் குறிக்கலண்ணே."

"குறிக்கிற ஆளு வேற என்ன தம்பி சொல்லுவான்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு லெக் பீஸைக் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார், மேலே நல்ல விதமாகச் சொல்லச் சொல்லி.

மையம் செல்வி அக்காவுடையது. வந்து டோக்கன் கட்டைப் பார்த்தார், அது பிரிக்கப்படாமலே இருந்தது. "தம்பி, உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். கூட்டம் வரலன்னா மூடிர வேண்டியதுதான். ஆளே வராத எடத்துல நான் யார வச்சு என்ன செய்ய?"

எங்கள் குடும்பத்தில் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். 'சக்கரம் வச்ச நாக்காலியில உக்காந்திருக்கான்' என்று அப்பா சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரு சித்தி எனக்குக் கால் போய்விட்டது என்று சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். அந்த நாற்காலி போகப்போகிறது. போய், மூட்டை தூக்கும் அப்பாவிடம் அதை நான் சொல்ல வேண்டும்.

பாய் கடைக்குள் நுழைந்தேன். "பாய், உங்களால என் வேலை போகப்போகுது. சனிக்கிழமையோட சரி."

அவர் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளியே வரும் அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே, "இன்னைக்கு வியாழன்தான?" என்றார். அவ்வளவுதான். கல் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மையத்தைத் திறக்கப் போனால், கண்ணாடிக் கதவில், என் முழுப்பக்க அறிவிப்பின் மேல், ஓர் அட்டை தொங்கியது.

'அன்று இந்தத் தம்பி ஓடாததற்குக் காரணம்: பயத்தில் கால் வரவில்லை. நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டனர். சாட்சி: பக்கத்துக் கடை.'

கிழிக்கப் பார்த்தேன். லேமினேட் செய்ததைக் கிழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல்லால் கடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் சிரிப்புச் சத்தம். பிரியாணி மாஸ்டர்.

"இம்புட்டுப் பயந்தவனா நீயி? மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? உன்னைய வேற என்னமோன்னு நெனச்சுப்புட்டோம்." அவர் கையில் வருமானச் சான்று விண்ணப்பம் இருந்தது. அன்று போனை நீட்டிய அக்கா கையில் எலுமிச்சம்பழம். "ஏலே, பயம் உள்ள தங்கிரக் கூடாது. தர்காவுல ஓதி ஒரு கயிறு கட்டிக்க, அப்பறம் கோயில்லயும் ஒண்ணு கட்டிக்க. ரெண்டு கையி இருக்குல்ல." ஒருவர் முதுகைத் தட்டினார். ஒருவர் சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். பத்தரை மணிக்கு வரிசை சைக்கிள் ஸ்டாண்டு வரை போய்விட்டது. வேகத்தடை தாண்டி வண்டியை நிறுத்திய செல்வி அக்கா, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலேயே எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

உண்மையைத் தடித்த எழுத்தில் போட்டு ஓர் ஆளைக்கூட என்னால் வரவழைக்க முடியவில்லை. அவர் மூன்று வரிப் பொய்யில் ஊரையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நியாயமாக நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்குக் கதவைச் சாத்திவிட்டுச் சண்டை போடப் போனேன்.

"பாய், நான் பயப்படல. அது என்னான்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உக்காந்திருந்தேன்."

"தெரியும்னு போட்டா, அது எப்பிடி இவனுக்குத் தெரிஞ்சுச்சுன்னு அடுத்துக் கேப்பாங்க. பயம்னா எவனும் மறுகேள்வி கேக்க மாட்டான். அம்புட்டுப் பேருக்கும் இருந்துச்சுல்ல."

எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. "பாய், உண்மையச் சொல்லுங்க. சாட்டிலைட்டு, பேரு குறிச்சதெல்லாம் நீங்களே நம்புறீங்களா?"

அவர் மெஷினை அணைத்தார். நான் பார்த்து அவர் அதை அணைத்தது அந்த ஒருமுறைதான். கடை திடீரென்று அமைதியாகிவிட்டது.

"யாராச்சும் ஒரு புள்ளையாத்தான் இருக்கும் தம்பி. உன்ன மாதிரி டெம்ப்ரவரியா இருக்கும். வேலைக்குச் சேந்து நாலு மாசம் ஆயிருக்கும். கைதவறி வேற எடத்துல அமுக்கிருச்சு. அன்னைக்கு அதுக்குச் சோறு எறங்கியிருக்குமா?"

"இத அன்னைக்கே ஊருக்குச் சொல்லியிருக்கலாம்ல பாய்? நானும் அதத்தான எழுதினேன்?"

"சொன்னா, யாரு அதுன்னு கேப்பாங்க. கடையச் சாத்திட்டு ஊரே ஓடியிருக்கு. அம்புட்டுக் கோவத்தையும் எங்கயாவது கொண்டு போய் எறக்கணும்ல. அந்தப் புள்ள தல மேல எறக்குவாங்க. நான் சாட்டிலைட்டுன்னு சொல்லிட்டேன். போயிப் புடிக்கட்டும், பாப்போம்." மறுபடியும் மெஷினைப் போட்டார். "போ, உன் கடையில கூட்டம் நிக்கிது."

போய் உட்கார்ந்தேன். நாற்காலி சுழன்றது. அக்கா கொடுத்த எலுமிச்சம்பழம் கீபோர்டு பக்கத்தில் உருண்டுகொண்டிருந்தது. இரண்டரை வருடமாகப் பாய் மீது மட்டும் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, அன்று மதியம் இன்னொரு ஆள் மீதும் பொறாமை வந்தது. எந்த ஊரிலோ, எந்த அறையிலோ, தான் அமுக்கிய பொத்தானையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த முகம் தெரியாத ஆள் மீது. திண்டுக்கல்லில் தனக்காக ஒருவர் ஊரையே வானத்தைப் பார்க்க வைத்திருக்கிறார் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்காது.

எனக்காக மட்டும் பொய் சொன்னார் என்று இருந்திருந்தால், இன்னும் நன்றாக இருந்திருக்கும்.